நூலகம் வாசிக்க ஒரு பழைய நெக்ஸஸ் 7

பழைய ரப்லெட் ஒன்றை இன்னும் வைத்திருக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் புரொசஸரைத்தான் விசாரிக்கிறார்கள். 2012 ஆம் ஆண்டின் நெக்ஸஸ் 7 ஐப் பாவித்து வருபவன் என்ற முறையில், திரையையும் சேமிப்பகத்தையும் பற்றியே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

கூகிளுக்காக ஏசுஸ் தயாரித்த இக்கருவி, அவ்வாண்டு ஜூன் மாதம் 199 டொலர் தொடக்க விலையுடன் அறிவிக்கப்பட்டது. நான்கு கருக்கள் கொண்ட ரெக்ரா 3 புரொசஸரும் 1 ஜி.பி. ரம்மும் இன்றைய செயலிகளுக்குப் போதா. ஆனால் 1280×800 பிக்செல் கொண்ட அதன் 7 அங்குல ஐ.பி.எஸ். திரை இன்றும் குறை சொல்ல முடியாதது. ஈழத்துத் தமிழ் வெளியீடுகளின் இணைய நூலகமான 'நூலகம்' தளத்திலிருந்து இறக்கிய பழைய யாழ்ப்பாணச் சஞ்சிகைகளின் ஸ்கான் பக்கங்களில், அச்சு மங்கிய இடத்திலும் மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறது. பத்திரிகைப் பக்கங்களை மட்டும் பெருப்பித்துத்தான் வாசிக்க வேண்டும். எடை 340 கிராம் என்பதால், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி ஒற்றைக் கையில் நெடுநேரம் பிடித்திருக்கலாம். பின்பக்கக் கமரா இல்லை. வாசிப்பவனுக்கு அதனால் நட்டமும் இல்லை. மெமரி கார்ட் செருக இடம் இல்லாததுதான், அதுவும் 8 ஜி.பி. மொடலில், உண்மையான குறை.

இக்கருவி காலப்போக்கில் மந்தமாவதற்குப் பெரிதும் காரணம் அதன் ஃபிளாஷ் சேமிப்பகமே. ஃபிளாஷில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு தொகுதியை முழுதாக அழிக்க வேண்டும். எந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று இயங்குதளம் சொல்லாவிட்டால், பயனற்ற தரவையும் சேமிப்பகம் இடம் மாற்றி மாற்றிக் காத்துக்கொண்டிருக்கும். அதைச் சொல்லும் 'ரிரிம்' வசதி 2013 இல் அன்ட்ரொயிட் 4.3 உடன்தான் வந்தது. அதன் பின்னும், சேமிப்பகத்தை நிரம்பவிடாமல் ஓரிரு ஜி.பி. வெறுமையாக வைத்திருப்பதே நல்லது.

அன்ட்ரொயிட் 5 இக்கருவிக்குப் பெரும் சுமையாயிற்று என்று அக்காலத்திலேயே பலர் முறையிட்டார்கள். நான் 4.4.4 க்குத் திரும்பிவிட்டேன். அதற்கும் ஒரு விலை உண்டு: இணையத்தளங்கள் நம்பகமானவையா என்று சரிபார்க்க உள்ளே பதிந்துள்ள பாதுகாப்புச் சான்றிதழ்கள் பழையனவாகையால் பல தளங்கள் எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கின்றன. ஆகவே நூல்களைக் கணினியில் இறக்கி, மைக்ரோ யூ.எஸ்.பி. வயரால் மாற்றிக்கொள்கிறேன். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் இதில் வைப்பதில்லை.

4325 எம்.ஏ.எச். பற்றரியை மாற்றுவது கடினமன்று. விளிம்பில் மெல்லிய பிளாஸ்ரிக் அட்டையைச் செருகி நகர்த்தினால், கொழுக்கிகள் ஒவ்வொன்றாக விட்டு, பின்மூடி கழன்றுவிடும். பற்றரி செருகியில் இணைந்திருப்பதால் ஈயப் பற்று வேலை தேவையில்லை. பாவித்த ஒன்றை வாங்குவதானால், மூடியை விரலால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி மேடிட்டிருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடவே கூடாது.