இந்தியில் எனக்கு அழுகை வராது

முதலில் அந்தேரி போன கதை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கூட்ட ரயிலில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், இதோ செத்தேன் என்று தோன்றும். இதுதான் என் வியாதி. ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு எதுவும் இல்லை. இதற்கு வைத்தியம் பார்க்க மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, வடாலாவில் மாறி, அந்தேரிக்கு இரண்டு ரயில்! வரவேற்பு மேசையில் இருந்த பெண் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "பேனிக் அட்டாக் வாலி கோன் ஹை?" (பேனிக் அட்டாக்காரி யாரு?) என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

உள்ளே இருந்தவர் இருபது நிமிஷம் தன் தங்கைக்கு வந்த பிரச்சினையைப் பற்றிப் பேசினார். பிறகு, யோகா செய்யுங்கள், பாசிட்டிவாக நினையுங்கள். 1,800 ரூபாய். வெளியே வரும்போதுதான் சுவரில் இருந்த சான்றிதழை உற்றுப் பார்த்தேன். மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் போனிலேயே கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் ரயில் காசாவது மிச்சம்.

அடுத்து வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மனநல மருத்துவர். மாத்திரை எழுதினார், பேசுவதற்கு சைக்காலஜிஸ்டிடம் போகச் சொன்னார். வெளியே அவ்வளவு கூட்டம், அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதாகக் கிடைத்தவர் நல்லவர், முறையாகப் பதிவு செய்தவர். ஆனால் இந்திக்காரர். பன்னிரண்டு வருஷமாக மும்பையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் இந்திதான் என்னுடையது. கப்ராஹட் (படபடப்பு) 'ஹோதா' ஹையா, 'ஹோதி' ஹையா என்று யோசிப்பதற்குள் வந்த அழுகை நின்றுவிடும். அப்பா போன அன்று வயிற்றைப் பிசைந்ததை எந்த இந்தியில் சொல்ல? இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

ஒரு ராத்திரி தூக்கமே இல்லாமல் 14416க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கியது, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தேன். "சொல்லுங்கம்மா" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கால் மணி நேரம் அழுதேன். வீடியோவில் தமிழிலேயே தெரபி எடுக்கலாமே என்று அவர்தான் சொன்னார். சென்னையில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். இந்த முறை பதிவு எண்ணைக் கேட்ட பிறகுதான் பணம் கட்டினேன்.

ஒற்றை அறை வீட்டில் ஐம்பது நிமிஷம் தனியாகப் பேச இடமேது? மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி நிழல், சுற்றிலும் புறாக்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார் சென்னைக்காரர்.

"மயங்கி விழுந்துடுவேன்னு எத்தனை சதவீதம் நம்புறீங்க?"

"தொண்ணூத்தஞ்சு."

"இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?"

எழுதவே கூச்சமாக இருந்தது. பூஜ்யம்.

இன்னொன்று இதைவிட விசித்திரம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு விட வேண்டும். அதே படபடப்பு வரும், ஏறும், தானாகவே இறங்கும். இது மாரடைப்பு இல்லை என்று உடம்பே பழகிக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சி. (ரிப்போர்ட்களைப் பார்த்த பிறகுதான் கொடுத்தார், வீடியோவில் கூடவே இருந்து செய்ய வைத்தார். நீங்களாக முயல வேண்டாம்.) பின்னாலேயே ஏறி வந்த அத்தை பார்த்துவிட்டார்: "ஏளா, மொட்டமாடில தனியா ஒக்காந்து இளநியா குடிக்க?" சிரித்த சிரிப்பில் அந்தப் பயிற்சி பாழ். அன்றைக்குத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பில்களை இன்சூரன்ஸுக்கு அனுப்பினேன், திரும்பி வந்தன. 2017 மனநலச் சட்டம் உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் என் பாலிசியில் எந்த நோய்க்குமே ஓபிடி செலவு, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கும் வைத்தியச் செலவு, கிடையாது. அதைப் படிக்காமல் அனுப்பியது என் தப்பு.

போன மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குக் காலி வண்டியில் ஒரே ஒரு ஸ்டேஷன், திலக் நகர். இறங்கி உட்கார்ந்து, அடுத்த வண்டியில் திரும்பினேன். பிறகு குர்லா. நோட்டில் இரண்டுக்கும் டிக் போட்டாயிற்று. அதற்குக் கீழே எழுதியிருப்பது: தாதர், காலை 8.40. திங்கட்கிழமை.