நம் அக்கன்

என் தம்பி மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தபோது குந்தவையாகத்தான் போவேன் என்று ஒரே அடம். 'பொன்னியின் செல்வன்' படத்தில் த்ரிஷா போட்டிருந்த மாதிரி சரிந்த கொண்டை வேண்டுமாம். இரண்டு சவுரி, ஒரு டப்பா ஹேர்பின் செலவாயின. கொண்டையை முடிந்துகொண்டிருக்கும்போதே கேட்டாள், "அத்தை, குந்தவை நெஜமாவே இருந்தாங்களா?"

இருந்தார் என்று சொன்னால் போதுமா? லீவு வந்ததும் அவளையும் தம்பியையும் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் படத்துக்கு மூலமான, 1950களில் கல்கி எழுதிய தொடர்கதைதான் குந்தவையை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அம்மா அதைப் படித்துக் காட்டியே நான் வளர்ந்தேன். பழையாறையில் இருந்தபடியே ராஜ்யத்தை நடத்தும் அந்த இளவரசியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெரிய கோயில் கல்லில் இருக்கிற குந்தவையை அதைவிடப் பிடிக்கும்.

விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து. தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில் ராஜராஜன் இட்ட உத்தரவும் அதில் இருக்கிறது: "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்கிறான். தனக்கு அடுத்தபடி அக்கா குந்தவை. ராணிகள்கூட அதற்குப் பிறகுதான். இரண்டு தம்பிகளுக்கு அக்காவான எனக்கு அந்த 'நம் அக்கன்' ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும்.

கதையில் காதலனாக வரும் வந்தியத்தேவன் கல்லில் குந்தவையின் கணவர். 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்றே அவரைக் குறித்திருக்கிறார்கள். இறந்துபோன அப்பா சுந்தர சோழருக்கும் அம்மாவுக்கும் திருமேனி செய்து வைத்திருக்கிறார். அப்பாவின் பெயர் அங்கே 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. பொன்மாளிகையில் கண்மூடியவர். ஒரு மகள் அப்பாவை நினைக்கும் விதம் அது.

அப்புறம் நகைகள். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், மணி பதித்த நகைகளை 'தட்சிணமேரு விடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். இந்தக் கோயில் கல்வெட்டுகளில் முத்துகளுக்குத்தான் எத்தனை பெயர்! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி. ஒளியைப் பார்த்துக் 'குளிர்ந்த நீர்', 'சிவந்த நீர்' என்றும் பிரித்திருக்கிறார்கள். குளிர்ந்த நீர் முத்து! சொல்லிப் பார்த்தாலே கை சில்லென்றாகிறது.

திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என மூன்று கோயில்கள் எடுப்பித்ததும் இதே குந்தவைதான். அந்த ஊருக்கும் ஒருநாள் இவளைக் கூட்டிப்போக வேண்டும்.

சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும். அதுவரை காத்திருந்தோம். பழைய எழுத்து அவளுக்குப் படிக்க வரவில்லை, ஆனால் 'க' மட்டும் அடையாளம் தெரிந்தது. கல்லைத் தொடாமல், விரலைக் காற்றிலேயே வைத்து ஒவ்வொரு 'க'வாகத் தேடிக்கொண்டு போனாள். திடீரென்று நின்று, "அப்பா, நீங்களும் அத்தையை அக்கன்னு கூப்பிடுங்களேன்" என்றாள்.

தம்பி கூப்பிட்டான்.