வெள்ளை எழுத்து கடைசியில்தான் போகும்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே சுவர் வாங்கிக்கொண்டது. உயரம் 11 சென்டிமீட்டர். மாதிரி ரயில் கட்டுபவர்கள் எச்ஓ என்று சொல்லும் அளவில், அதாவது 87-ல் ஒரு பங்கில், மூன்று மாடிச் செங்கல் கிடங்கு. என் சின்ன ரயில் 1950-களின் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றைச் சுற்றி ஓடுகிறது. அங்கே தண்டவாளத்தை ஒட்டிய கிடங்கு என்றால் சுவரில் விளம்பரம் இருந்தே ஆக வேண்டும். ஜார்ஜியாவின் கார்ட்டர்ஸ்வில்லில் ஒரு மருந்துக்கடைச் சுவரில் 1894-இல் எழுதிய கோக-கோலா விளம்பரம் இன்றும் நிற்கிறது. நான் எடுத்துக்கொண்டது மாவு விளம்பரம். நாற்பது ஆண்டு வெயிலும் மழையும் பட்டது.

தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வேண்டிய விளம்பரப் படம் முழுவதையும் முதலில் கணினியில் ஒரே சீராக வெளுக்கவைத்தேன். நீர்மோர் போல ஆகிவிட்டது. பழைய சுவர்களின் படங்களை உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்தக் காலத்து வெள்ளைப் பெயின்டில் ஈயம் இருந்தது. எண்ணெயோடு இறுகி, செங்கல்லை விடாமல் பிடித்துக்கொண்டது. சுற்றியிருந்த வண்ணம் போன பிறகும் எழுத்து மிஞ்சியது. ஆகவே பின்னணியைத்தான் வெளுக்க வேண்டும், எழுத்தை அதிகம் தொடக்கூடாது. இதைச் செய்ததும் சுவருக்கு வயதாகிவிட்டது!

இன்க்ஜெட்டில் அச்சிட்ட முதல் தாள் பசை பட்டதும் கரைந்து ஒழுகியது. லேசர் அச்சு தாங்கியது. தாளின் பின்புறத்தை 400-ஆம் எண் உப்புத்தாளால் வெங்காயச் சருகு போல ஆகும்வரை தேய்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் ரேகை தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சுவரில் தடவி, தாளை விரித்து, நனைந்த டூத்பிரஷ்ஷால் மெல்லத் தட்டினேன். இந்த அளவில் ஒரு செங்கல் வரிசை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அந்த இடுக்குகளில் தாள் இறங்கினால்தான் பெயின்ட். இல்லாவிட்டால் வெறும் சுவரொட்டி.

காய்ந்த பிறகு மேல்பக்கத்தையும் அங்கங்கே தேய்த்தேன். மழைநீர்க் குழாய் ஒழுகும் இடத்தில் ஒரு நீளக் கோடு மட்டும் செங்கல் வரை. கூரை விளிம்புக்கு அடியில் நான்கைந்து வரிசைகளில் வண்ணத்தை அப்படியே விட்டுவிட்டேன். அங்கே மழை எட்டாது.

கடைசியாகக் கத்தியால் ஒரு ஜன்னல் வெட்டினேன். கிடங்குக்காரர் பிற்காலத்தில் திறந்த ஜன்னல் அது. மாவு என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் வரும் 'ஓ'-வில் இப்போது இடப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது.