ஓடும்போதே பார்க்கும் எச்ஆர்வி: ஆல்ஃபா 1 எண்ணை எப்போது நம்பலாம்?

நிதானமாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடிவிடுவதுதான் பலரின் பயிற்சியைக் கெடுக்கிறது. அதைத் தவிர்க்கப் பலரும் போடும் கணக்கு இது: 220இலிருந்து வயதைக் கழித்து (அதுதான் உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொண்டு) அதில் 70 விழுக்காடு எடுத்தால் 40 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 126 துடிப்பு வரும். அந்த 126க்குப் பின்னால் அவருடைய இதயத்தைப் பற்றிய தகவல் எதுவுமே இல்லை. ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு 20 வரை வேறுபடுவது சாதாரணம். ஒருவருக்கு மிதமாக இருக்கும் துடிப்பு இன்னொருவருக்கு மூச்சிரைக்க வைக்கும். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி மூச்சுவாயுவை அளந்தால், நிதானமான உழைப்பு முடிந்து கடினமான உழைப்பு தொடங்கும் சரியான எல்லை கிடைக்கும். விரலில் குத்தி ரத்தத்தில் லாக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது கூடும் பொருள்) பார்த்தாலும் கிடைக்கும். இரண்டையும் வாரம் தவறாமல் செய்ய யாருக்கு முடியும்?

ஒரு நல்ல செஸ்ட் ஸ்ட்ராப் (மார்பில் கட்டும் துடிப்புப் பட்டை) இருந்தால், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரத்தை வைத்தே அந்த எல்லையை ஓரளவு நெருங்கலாம். இந்த நேர இடைவெளிகளின் ஏற்ற இறக்கத்தைத்தான் எச்ஆர்வி என்கிறோம். எச்ஆர்வி என்றதும், அடுத்தடுத்த இடைவெளிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும், காலையில் படுக்கையில் பார்க்கும் ஆர்எம்எஸ்எஸ்டி எண்தான் பலருக்கு நினைவு வரும். உடற்பயிற்சியின்போது அது உதவாது. வேகம் கொஞ்சம் கூடியதுமே, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, அந்த எண் சில மில்லி நொடிகளுக்குச் சரிந்து அங்கேயே கிடக்கும். மிதமான ஓட்டத்துக்கும் கடுமையான ஓட்டத்துக்கும் அதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இங்கே வேலைக்கு ஆவது டிஎஃப்ஏ (டிட்ரெண்டட் ஃப்ளக்சுவேஷன் அனாலிசிஸ்) என்ற கணக்குமுறை தரும் ஆல்ஃபா 1 எண். இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்பதை இது அளப்பதில்லை. அந்த மாற்றங்களுக்குள் எவ்வளவு தொடர்ச்சி இருக்கிறது என்று பார்க்கிறது. கணக்கின் போக்கு இதுதான்: கடைசி 2 நிமிட ஆர்ஆர் இடைவெளிகளை (துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரங்களை) எடுத்து, ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்து, வரிசையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தத் தொடரை 4 முதல் 16 துடிப்பு வரையிலான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு நேர்க்கோட்டைப் பொருத்தி, கோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்க்க வேண்டும். துண்டின் நீளம் கூடக்கூட விலகல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அந்தச் சாய்வே ஆல்ஃபா 1. சி.-கே. பெங்கும் சகாக்களும் 1994இல் டிஎன்ஏ தொடர்களுக்காக உருவாக்கிய முறை இது. அடுத்த ஆண்டே இதயத் துடிப்புக்கும் வந்துவிட்டது.

லேசான நடையிலும் மென்னோட்டத்திலும் இந்த எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்கும். தீவிரம் கூடக்கூட இறங்கும். 0.5க்கு வந்தால் ஒரு இடைவெளிக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லாத நிலை; அதற்கும் கீழே போனால் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடத் தொடங்குகின்றன. புரூஸ் ரோஜர்ஸ், தாமஸ் கிரோன்வால்ட் ஆகியோரின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வுகளில் 0.75 என்பது முதல் எல்லையோடும் (ஏரோபிக் த்ரெஷோல்ட், நிதானமான ஓட்டத்தின் மேல் விளிம்பு), 0.5 என்பது இரண்டாவது எல்லையோடும் (அதற்கு மேல் நீண்ட நேரம் தாங்க முடியாத தீவிரம்) குழுச் சராசரியில் நன்றாகவே ஒத்துப்போயின. சராசரியில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தனி ஒருவருக்கு இந்த எல்லை சில துடிப்புகள் முன்பின் தள்ளி நிற்கலாம். அதனால்தான் கீழே சொல்லும் பேச்சுச் சோதனையை விடக்கூடாது.

இனி ஸ்ட்ராப். இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. மணிக்கட்டு வாட்சின் பச்சை விளக்கு சென்சாரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ரத்த ஓட்டத்தின் அலையைப் பார்த்துத் துடிப்பை ஊகிக்கிறது. கை ஆடும்போது தனித்தனி இடைவெளிகளை மில்லி நொடித் துல்லியத்தில் தர அதனால் முடியாது. இதயத்தின் மின்னோட்டத்தை நேரடியாக எடுக்கும் பட்டை வேண்டும். ஆய்வுகளில் அதிகம் அடிபடுவது போலார் எச்10. ஆண்ட்ராய்டில் ஃபேட்மேக்ஸர், மார்கோ அல்தினியின் எச்ஆர்வி லாகர், கார்மின் வாட்சில் ஆல்ஃபாஎச்ஆர்வி ஆகிய செயலிகள் ஆல்ஃபா 1ஐ ஓடும்போதே காட்டும். வாட்சில் ஏஎன்டி பிளஸ் (புளூடூத் போன்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு), புளூடூத் இரண்டும் இருந்தால் புளூடூத்தில் இணையுங்கள். இடையில் துடிப்பு தொலைவது குறையும்.

பட்டையை மார்புத் தசைக்குக் கீழே கட்ட வேண்டும். மூச்சை முழுக்க இழுத்தாலும் நழுவாத இறுக்கம் போதும். கட்டுவதற்கு முன், தோலைத் தொடும் எலக்ட்ரோடு பகுதி இரண்டையும் தண்ணீரில் நன்றாக நனையுங்கள். வியர்வை வந்தால் தானாக நனைந்துவிடும் என்று விட்டால் முதல் 10 நிமிடத் தரவு குப்பைதான். எலக்ட்ரோடு ஜெல் தடவினால் இன்னும் நல்லது. ஓடி முடித்ததும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை ஓடும் தண்ணீரில் அலசுங்கள். உப்புப் படிந்த பட்டை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடும். எண்கள் தாறுமாறாக வரும்போது பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிப்போம். ஈரப் பட்டையிலேயே சென்சாரை விட்டுவைத்தால் அது விழித்தே கிடந்து சிஆர்2025 பேட்டரியையும் தின்றுவிடும்.

கெட்ட தரவு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். துடிப்பு 150 என்றால் இடைவெளி சுமார் 400 மில்லி நொடி. பதிவைத் திறந்தால் 402, 397, 404, 400 என்று ஓட வேண்டும். நடுவில் திடீரென 801 வந்தால் ஒரு துடிப்பைப் பட்டை தவறவிட்டிருக்கிறது. 180, 221 என்று அடுத்தடுத்து வந்து இரண்டும் சேர்ந்தால் 401 என்றால், இல்லாத ஒரு துடிப்பைக் கற்பனையாகச் சேர்த்திருக்கிறது. தளர்ந்த பட்டையும் உரசும் சட்டையும் வழக்கமான காரணங்கள். 290, 510 போல ஒன்று குறைந்து அடுத்தது நீண்டு வந்தால் இதயமே முந்திக்கொண்டு ஒருமுறை துடித்திருக்க வாய்ப்பு உண்டு. எப்போதாவது ஒன்றிரண்டு வருவது பலருக்கும் உள்ளதுதான். அடிக்கடி வந்தால், அல்லது தலைச்சுற்றலோடு வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துடிப்பு 150இல் 2 நிமிடத்துக்கு 300 துடிப்பு. அதில் 9 கெட்டிருந்தால் 3 விழுக்காடு. அதுவரை பயப்பட வேண்டாம். 15ஐத் தாண்டினால், அதாவது 5 விழுக்காடு ஆனால், திரையில் தெரியும் எண்ணைப் பார்க்காமலேயே இருப்பது நல்லது. செயலி அந்த இடங்களைத் திருத்தத்தான் செய்யும். ஆனால் திருத்தம் என்பது அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து இட்டு நிரப்புவது. அப்படி நிரப்பிய இடம் இல்லாத ஒழுங்கைக் காட்டும். அதனால் தீவிரம் கூடிய நேரத்தில் ஆல்ஃபா 1 உண்மையைவிட உயர்ந்து தெரியும். 0.6இல் இருக்கும் ஒருவர் 0.75 என்று நம்பி இன்னும் வேகத்தைக் கூட்டுவார். இந்தத் தவறு நம்மைக் கூடுதலாக உழைக்க வைக்கும் திசையில் நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க ஏறுமுகச் சோதனை ஒன்று போதும். ஆளைப் பொறுத்து 40 நிமிடம் வரை ஆகும். முந்தைய நாள் கடும் பயிற்சி இருக்கக் கூடாது. நிலைச் சைக்கிளில் 10 நிமிடம் மிக லேசாக மிதித்துவிட்டு, நிமிடத்துக்கு 5 முதல் 10 வாட் வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். ட்ரெட்மில்லாக இருந்தால் வேகத்தை மிகச் சிறு படிகளாகக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 25 வாட் என்று அவசரப்பட்டால், கணக்குக்கு எடுக்கும் கடைசி 2 நிமிடத்துக்குள் (அதைச் சாளரம் என்போம்) 50 வாட் கலந்துவிடும். அந்த எண் எந்த உழைப்பைக் குறிக்கிறது என்றே சொல்ல முடியாது. ஆல்ஃபா 1 சுமார் 0.5ஐத் தொட்டதும் நிறுத்திவிடலாம். உயிரைக் கொடுத்து உச்சம் வரை போக வேண்டியதில்லை என்பது இந்தச் சோதனையின் பெரிய வசதி.

பிறகு ஒவ்வொரு சாளரத்தின் ஆல்ஃபா 1ஐயும் அதே 2 நிமிடத்தின் சராசரித் துடிப்போடு சேர்த்து வரைபடம் போடுங்கள். அந்த நொடியின் துடிப்போடு சேர்த்தால் எல்லை சில துடிப்புகள் மேலே தள்ளிப்போய்விடும். தொடக்கத்தில் எண் 1.2, 1.4 என்று அலையும், அதை விட்டுவிடுங்கள். 1.0இலிருந்து 0.5 வரை நேராக இறங்கும் பகுதிக்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். உதாரணமாக 128இல் 1.0, 152இல் 0.5 என்று கோடு சென்றால் 0.75 விழுவது 140இல். அடுத்த ஓட்டத்தில் 140க்குச் சற்றுக் கீழே முழு வாக்கியமாகத் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுதான் பேச்சுச் சோதனை. முடியவில்லை என்றால் எண்ணை விட்டுவிட்டு மூச்சை நம்புங்கள். சைக்கிளில் கண்ட எல்லையை ஓட்டத்துக்கு அப்படியே எடுத்துப்போகக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். செயலியையும் நடுவில் மாற்றாதீர்கள். இடைவெளிகளைக் கணக்குக்கு முன் சீர்செய்யும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண் சொல்லும்.

அன்றாடப் பயன்பாட்டில் ஒரே வேகத்தில் போனாலும் எண் 0.1 அளவுக்கு மேலும் கீழும் ஆடும். நொடிக்கு நொடி துரத்த வேண்டாம். 5 நிமிடம் தொடர்ந்து 0.75க்குக் கீழே இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான். 400 மீட்டர் இன்டர்வலுக்கும் (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சி) மேடு பள்ளமான பாதைக்கும் இது கொஞ்சமும் பொருந்தாது. சாளரம் 2 நிமிடம் என்பதால், வேகமாக ஓடிய நேரமும் மெதுவாகப் போன நேரமும் அதில் கலந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் இது துடிப்பெண்ணைவிட நிறைய சொல்கிறது: களைப்பு. நீண்ட ஓட்டத்தின் பின்பாதியில் வேகம் மாறாதபோதே ஆல்ஃபா 1 மெல்ல இறங்கும். அல்ட்ரா மாரத்தான் ஓட்டக்காரர்களை 6 மணி நேரம் ஓடவைத்துப் பார்த்த ஆய்விலும் இந்தச் சரிவு தெரிந்தது. ஆகவே வார்ம் அப்பை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஒரே 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 1.1 காட்டும் அந்த வேகத்தில் இன்று 0.8 என்றால், முதலில் பட்டையையும் கெட்ட துடிப்பின் விழுக்காட்டையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் உடம்பு இன்னும் தேறவில்லை. கடுமையான பயிற்சியை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் நோய்) உள்ளவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. அவர்களின் இடைவெளிகளைத் தீர்மானிப்பது வேறு காரணிகள், 0.75க்கு அங்கே எந்தப் பொருளும் இல்லை. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள், மருந்தையோ அதன் அளவையோ மாற்றினால் பழைய எல்லைத் துடிப்பை விட்டுவிட்டு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு புதிதாகச் சோதிக்க வேண்டும்.