கடைசியாக எழுதிய ஷரத்து

"எங்களைப் பத்தின வரிய எப்பண்ணே எழுதினீங்க? சம்பளம் பேசி முடிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

வேலைநிறுத்தம் முடிந்து, 12(3) ஒப்பந்தம் (தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சங்கமும் நிர்வாகமும் போடுவது) கையெழுத்தாகி, மற்றவர்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு தம்பி சங்க நிர்வாகியான என்னிடம் கேட்டது இது. சஸ்பென்ஷனில் இருந்தவர்களில் வயதில் சின்னவன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"மொதல்லயே பேசினோம்ப்பா" என்றேன். அது உண்மை. தொழிலாளர் உதவி ஆணையர் முன்னால் நாங்கள் வைத்த முதல் கோரிக்கையே சஸ்பென்ஷனை ரத்து செய்ய வேண்டும் என்பதுதான். ஆனால் அவன் கேட்டது எழுதியதைப் பற்றி. எழுதியது கடைசியில்தான். "இடைநீக்கத்தில் உள்ளவர்கள் தொடர்பாகத் தனியே பேசித் தீர்த்துக்கொள்வது." தொழிற்சங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை: அவர்களை விட்டுவிட்டு மற்றதை முடித்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

வேலைநிறுத்தத்தை அன்று முடித்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நகைகள் அடகுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தால் கேட்டுக்கு வெளியே நிர்வாகிகள் மட்டும்தான் நின்றிருப்போம். ஆளாளுக்குச் சிதறிப் போவதற்குள் எல்லோரையும் ஒன்றாக உள்ளே கூட்டிப்போனோம். சங்கம் உடையவில்லை.

வாயிற்கூட்டத்தில் நான் டன்கிர்க்கைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் அதன் நேசப் படைகளும் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுத் துறைமுகம் அது. 1940 மே கடைசியில் தொடங்கி ஜூன் 4 வரை 3,38,000 வீரர்களுக்கு மேல் கடல் வழியாக மீட்டார்கள். ஆயுதத்தையும் வண்டிகளையும் கரையிலேயே விட்டுவிட்டு ஆட்களைக் காப்பாற்றினார்கள், ஆள் இருந்தால் மறுபடி சண்டை போடலாம் என்றேன். கைதட்டினார்கள். நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

அந்தத் தம்பி கேட்ட பிறகுதான் கலே நினைவுக்கு வந்தது. டன்கிர்க்குக்குப் பக்கத்துத் துறைமுகம். அங்கே இருந்த பிரிட்டிஷ் படைக்குக் கப்பல் வராது, நின்று போரிடுங்கள் என்று உத்தரவு போனது. மே 26 அன்று கலே விழுந்தது. மிஞ்சியவர்கள் கைதிகளானார்கள். அவர்கள் நின்றதால் டன்கிர்க்கில் எவ்வளவு நேரம் கிடைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். கப்பல் வராது என்று தெரிந்தேதான் நின்றார்கள்.

அரசியலில் அந்த அளவுக்குக்கூடச் சொல்வதில்லை. எங்கள் மூத்த தோழர் ஒருவர், "காந்தியே நிறுத்தலையா?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நிறுத்தினார். சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து போலீஸ்காரர்கள் இறந்த பிறகு, 1922 பிப்ரவரியில் ஒத்துழையாமை இயக்கத்தைக் கைவிட்டார். சிறையில் இருந்த தலைவர்கள் பலர் நொந்துபோனார்கள். கொலைக்குப் பிறகு நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்? செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்கு விதித்தது. மேல்முறையீட்டில் மதன் மோகன் மாளவியா அவர்களுக்காக வாதாடினார். பெரும்பாலோர் உயிர் தப்பினார்கள், 19 பேரை 1923இல் தூக்கிலிட்டார்கள். இயக்கம் பின்னால் வேறு வடிவத்தில் எழுந்தது. அந்த 19 பேர் குடும்பத்துக்கு அது எந்த வகையில் ஆறுதல்?

வீட்டில்கூட அப்படித்தான். என் அப்பா பங்காளிகளோடு தகராறு வேண்டாமென்று கிணற்றுப் பங்கை விட்டுக்கொடுத்தார். பெருந்தன்மை என்று ஊரே பேசியது. அதற்கப்புறம் தூரத்திலிருந்து தண்ணீர் சுமந்தவள் அம்மா. அவளை யாரும் கேட்கவில்லை.

பின்வாங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தந்திரம் என்று சொல்லிக் கடந்துபோகவும் முடியவில்லை. யார் கடைசி வரிசையில் நின்றார், அவருக்கு அது தெரியுமா என்றுதான் இப்போது கேட்கத் தோன்றுகிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தம்பியிடம் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டுக்கு வந்திருப்பார்கள், கூட்டம் இரண்டாகியிருக்கும், நிர்வாகம் எதிர்பார்த்ததும் அதுதான். இது நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் பதில். பாதி நாள் இது போதுமானதாக இருக்கிறது.

உள்விசாரணை முடிந்து சிலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவனை எடுக்கவில்லை. வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது, சங்கம்தான் நடத்துகிறது. வாய்தாவுக்கு நானும் கூடப் போகிறேன். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவான், வீட்டு விஷயமெல்லாம் பேசுவான். அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை.

அடுத்த ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாராகிறது. பழிவாங்கப்பட்டவர்கள் பெயரைப் பெயராகவே முதல் ஷரத்தில் எழுத வேண்டும், அது முடியாமல் சம்பளம் பேசக் கூடாது என்று கமிட்டியில் சொன்னேன். அப்படியானால் சம்பளம் எப்போதுமே பேச முடியாது என்றார் செயலாளர். அவர் சொன்னதும் சரிதான். பேச்சு இன்னும் முடியவில்லை.