டிப்ஸ்டிக்கில் 6 மி.மீ. குழப்பம் தீர்ந்தது: ஸ்விஃப்ட் ஆயில் பதிவு

வண்டி ஆயில் குடிக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்துவிட்டது. 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், கே12 என்ஜின், 5டபிள்யூ-30 ஆயில். 3,000 கி.மீ. ஓட்டத்தில் 250 மி.லி. குறைந்திருக்கிறது. என்ஜினைப் பிரிக்கிற அளவுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் இந்த எண்ணை நம்பும்படி அளக்கத்தான் இத்தனை வாரம் பிடித்தது.

முதல் எட்டு அளவுகளும் வீண். ஒரு சொட்டு டாப் அப் செய்யாமலே, ஒரே வாரத்தில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) கோடு 6 மி.மீ. ஏறி இறங்கியது. இந்த வண்டியில் 6 மி.மீ. என்றால் 200 மி.லி. குறைந்ததே 250 மி.லி. என்றால், அளவுகோலே 200 மி.லி. ஆடுவதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

கோளாறு டிப்ஸ்டிக்கில் இல்லை, அது இறங்குகிற குழாயில். என்ஜின் ஓடும்போது ஆயில் குழாயின் உள்சுவரில் ஏறி ஒட்டிக்கொள்கிறது. துடைத்துவிட்டு உடனே மறுபடி சொருகினால், போகிற வழியிலேயே சுவரில் இருப்பதை வழித்துக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு பக்கம் மேல் துளை வரை (கம்பியில் கீழ்த்துளை குறைந்தபட்ச அளவு, மேல்துளை அதிகபட்ச அளவு) நனைந்தும், மறுபக்கம் நடுவிலேயே நின்றும் வருகிறது. மேலே தெரிகிற கோடு வெறும் பூச்சு. இரண்டு பக்கத்தில் எது கீழே இருக்கிறதோ அதுதான் நிஜம்.

இப்போது செய்கிற முறை இது. இரவு முழுக்க நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, வெளியிலேயே 10 நிமிடம் வைத்துவிட வேண்டும். அதற்குள் குழாயில் இருப்பது சம்ப்பில், அதாவது என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், வடிந்துவிடும். பிறகு கைப்பிடி முழுசாக உட்காரும்வரை நேராக அழுத்தி, ஐந்து எண்ணி, உருவி, படுக்கைவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிப் பிடித்தால் ஆயில் கைப்பிடிப் பக்கம் ஓடிவந்து கோடு அழிந்துவிடும். கைப்பிடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து இறுகியிருந்தால் 2 மி.மீ. மேலேயே நின்றுவிடுகிறது, புதிது போட்டதும் அந்தத் தொல்லை போனது. துடைக்க வேஸ்ட் நூல் வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு குழாய்க்குள் போகிறது. பழைய பனியன் துணியே போதும்.

தரையும் முக்கியம். வாசல் சரிவில் நிற்கிற வண்டியில் எடுத்த அளவைத் தூக்கிப் போட்டுவிடலாம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தில் நீளவாக்கிலும், தரையில் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து இடம் தேடி, நான்கு டயருக்கும் சாக்பீஸில் கோடு போட்டாயிற்று. இவ்வளவும் செய்த பிறகு அடுத்தடுத்த ஐந்து அளவுகளுக்குள் வித்தியாசம் 1 மி.மீ. தான். இந்த முன்னேற்றத்தைப் பெருமையாகவே சொல்கிறேன்.

மி.மீ.யை மி.லி. ஆக்க ஆயில் மாற்றும் நாளைப் பயன்படுத்திக்கொண்டேன். ஃபில்டரோடு சேர்த்து இதற்கு 3.1 லிட்டர். முதலில் 2.5 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு ஃபில்டர் நிரம்பிய பிறகு அணைத்து, 15 நிமிடம் பொறுத்து முதல் அளவு. பிறகு 100 மி.லி. வீதம், ஒவ்வொன்றுக்கும் 10 நிமிட இடைவெளி. சமையலறைத் தராசு இதற்குப் போதும்: 100 மி.லி. ஆயில் ஏறக்குறைய 85 கிராம். கிடைத்தது: 100 மி.லி.க்கு 3 மி.மீ., கீழ்த்துளைக்கும் மேல்துளைக்கும் நடுவே சுமார் 800 மி.லி.

சூட்டில் அளப்பது பற்றி: கையேடு சொல்வதும் தவறில்லை, சூடான என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம். ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு மட்டும் காலை அளவே சிறந்தது. 20 கி.மீ. ஓட்டி அணைத்த ஒரு நிமிடத்தில் கோடு 5 மி.மீ. கீழே, ஐந்து நிமிடத்தில் 2 மி.மீ. கீழே, 15 நிமிடத்தில் காலை அளவைவிட ஒன்றரை மி.மீ. மேலே. மேலே ஏறிய ஆயில் இறங்க நேரம் எடுக்கிறது, சூட்டில் விரியவும் செய்கிறது. 60 டிகிரி கூடினால் 3 லிட்டர் ஆயில் 120 மி.லி. அளவுக்குப் பெருக்கும். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து “ஆயில் கம்மியா இருக்கு சார்” என்று காட்டும்போது நடப்பது அந்த ஒரு நிமிட அளவுதான். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றினால் மேல்துளையைத் தாண்டிவிடும். உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், பிரீதர் (என்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) வழியாக இன்டேக்கில், அதாவது என்ஜின் காற்றை இழுக்கும் பாதையில், ஆயில் ஏறும்.

இனி 250 மி.லி.க்கு வருவோம். அதே வேகத்தில் போனால் 10,000 கி.மீ.க்கு 830 மி.லி. துளைகளுக்கு நடுவே இருப்பதே 800. அதாவது சர்வீஸில் மேல்துளை வரை நிரப்பி அனுப்பிய நல்ல வண்டிகூட, அடுத்த சர்வீஸுக்குள் கீழ்த்துளைக்குப் போய்விடும். இடையில் பார்க்க வேண்டியவர் யார் என்பதில்தான் பல வீடுகளில் ஓட்டை. சர்வீஸில் பார்ப்பார்கள் என்று அப்பா, அப்பா பார்ப்பார் என்று மகள், ஓனர் பார்ப்பார் என்று ஆக்டிங் டிரைவர். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னும் மோசம். அது ஆயில் அழுத்தத்துக்கான விளக்கு, அளவுக்கானது இல்லை. வளைவில் ஆயில் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும் நிலையில்தான் அது எரியும். அதற்குள் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். இந்த வண்டிக்கு டேஷ்போர்டில் ஒரு நோட்டு: தேதி, கி.மீ., கோடு, பார்த்தவர் பெயர். ஞாயிறு காலை ஒருவர், அவர் ஊரில் இல்லையென்றால் யார் என்பதும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சர்வீஸ் விட்டு எடுக்கும்போதும் அங்கேயே ஒரு அளவு. குழாயில் பிடித்து ஊற்றுகிற இடங்களில் கூடுதலாக விழுவது சகஜம்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் கோடு ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்வது பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலக்கும். மோந்து பார்த்தாலே தெரியும்.

ஃபில்டரும் ட்ரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷரும் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கியது. வாஷரை இரண்டாகக் கேளுங்கள், ஒன்று கட்டாயம் உருண்டு எங்காவது போய்விடும். பழைய ஆயில் கேனில் இருக்கிறது, சாக்கடைக்குப் போகாது. மொத்தமாக எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டும்.

பிசிவி வால்வு (என்ஜின் உள்காற்றை இன்டேக்குக்கு விடும் வால்வு, பழுதானால் ஆயிலும் கூடவே போகும்) புதிது வாங்கி வைத்தாயிற்று. ஆனால் 5,000 கி.மீ. அளவு முடியும்வரை மாட்டப் போவதில்லை. இப்போதே மாட்டினால் ஆயில் எதனால் குறைந்தது என்பது கலங்கிவிடும். இன்றைய கோடு மேல்துளைக்கு 8 மி.மீ. கீழே.