மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி

ஜூன் 4

சுரியானிப் பாடம் ஆரம்பித்து மூன்று வாரம். கேரளத்துக் கிறிஸ்தவர்களின் பழைய பூசை மொழி. 22 எழுத்தும் முடிந்தது. முடிந்தது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆலாப், பேத், காமல் என்று வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பேன். கலைத்துப்போட்டுக் கேட்டால் முழிக்கிறேன்.

கோட்டயத்தில் மழை பிடித்துவிட்டது. ஆபீஸ் விட்டதும் முக்கால்வாசி நனைந்து அச்சன் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊரில் அவரை மல்பானச்சன் என்பார்கள். 'மல்பான்' என்றால் சுரியானியில் ஆசிரியர், 'அச்சன்' மலையாளம். 78 வயது. ஓய்வுபெற்ற பாதிரியார், தம்பி வீட்டோடு இருக்கிறார். சம்பளம் வாங்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊருக்குப் போய் வரும்போது நாகர்கோவில் முந்திரிக்கொத்து வாங்கி வருவதாக ஏற்பாடு.

இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தாலத்தாலும் ரேஷாலும். இரண்டும் ஒரே வளைவு. கீழே புள்ளி வைத்தால் தாலத், அதாவது 'த'. மேலே வைத்தால் ரேஷ், 'ர'. 'அவர்கள் கடலைக் கடந்தார்கள்' என்று எழுதச் சொன்னார். கடப்பதற்கு 'அவர்', செய்வதற்கு 'அவத்'. நான் புள்ளியைக் கீழே வைத்துவிட்டேன். அச்சன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கடல் உண்டாக்குந்நது தெய்வத்தின்டெ பணியல்லே, மோளே?"

ஜூன் 7

அம்மா போனில் கேட்டாள். "அது யாரு பேசுற பாஷை?"

இப்போது அப்படியே யாரும் பேசுவதில்லை. துருக்கியில் தூர் அப்தீன் பக்கத்துக் கிராமங்களில் இதற்கு உறவான பேச்சு இன்னும் இருக்கிறது. அங்கே 397-இல் தொடங்கிய மோர் கப்ரியேல் மடத்தில் இன்றும் துறவிகள் இந்த மொழியில் ஜெபம் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை என்றும் சேர்த்துக்கொண்டேன். எதெஸ்ஸா நகரத்துக் கிளை. அந்த ஊருக்கு அவர்களே வைத்த பெயர் உர்ஹாய், இன்றைய உர்ஃபா. எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதனால சம்பளம் கூடுமா?" என்றாள்.

கூடாது. பிறகு ஏன்? உண்மையான காரணம் ஒரு செப்பேடு. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது வட்டெழுத்துக்கு மாதிரியாகத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் படத்தைக் காட்டினார்கள். கொல்லத்தில் இருந்த பள்ளிக்கு, அதாவது கிறிஸ்தவக் கோயிலுக்கு, வேணாட்டுத் தலைவர் ஐயனடிகள் 849-இல் கொடுத்தது. படிக்கப் படிக்கப் பழந்தமிழாகவே ஓடுகிறது. நடுவே 'ஈசோ' என்று ஒரு பெயர். 'சபிர் ஈசோ'. கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பஹ்லவி என்கிற பழைய பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துகளில் நிற்கின்றன. ஈசோ என்பது இயேசுவுக்குச் சுரியானிக்காரர்கள் வைத்திருந்த பெயர் என்று அப்புறம்தான் தெரிந்தது. 'சவ்ரா' என்றால் நம்பிக்கை. பெயரே 'ஈசோதான் நம்பிக்கை' என்று ஆகிறது. வேலை மாறிக் கோட்டயம் வந்ததும் அந்த இரண்டு எழுத்து மறுபடி அரிக்க ஆரம்பித்தது.

ஜூன் 9

இன்று மார் எப்ரேம் நாள். சுரியானியில் பாட்டு எழுதிய புனிதர். 373-ஆம் ஆண்டு இதே ஜூன் 9-இல் எதெஸ்ஸாவில் இறந்தார். பாடம் கிடையாது, கதை மட்டும் என்றார் அச்சன்.

எப்ரேம் பிறந்தது நிசிபிஸில். ரோமுக்கும் பாரசீகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட எல்லை ஊர். பாரசீக மன்னன் இரண்டாம் ஷாப்பூர் மூன்று தடவை முற்றுகை போட்டான். மூன்றாவது தடவை, 350-இல், ஆற்றை அணைகட்டித் தேக்கி ஊர் மதிலின் மேல் திருப்பிவிட்டான். மதில் உடைந்தது, ஊர் விழவில்லை. எப்ரேம் அந்த ஊரையே நோவாவின் பேழையாக்கிப் பாட்டில் பேசவைத்தார். நாலு பக்கமும் தண்ணீர் பார்த்தவருக்கு உவமை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 363-இல் ரோமப் பேரரசன் ஜூலியன் போரில் செத்ததும் ரோமர்கள் ஊரைப் பாரசீகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவர்கள் மூட்டை கட்டினார்கள். எப்ரேம் எதெஸ்ஸாவில் அகதியாகப் போய் இறங்கினார்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவர் எழுதிய மத்ராஷாக்களை, அதாவது பல்லவியோடு பாடும் பாட்டுகளை, கோயிலில் பெண்களைப் பாடவைத்தார். இதற்காகவே அவரைப் புகழ்ந்து, 521-இல் இறந்த செரூக் யாக்கோபு என்ற சுரியானிக் கவிஞர் ஒரு நீண்ட செய்யுள் பாடிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதையும் எடுத்துச் சொல்லி நியாயப்படுத்த வேண்டியிருந்தது போல. இந்தக் காலத்தில் மட்டும் என்ன.

ஜூன் 14

இன்றைக்கு முதல் தடவையாக அச்சனை நான் ஆச்சரியப்படுத்தினேன்.

பாடம், ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிப்பது. ப, க, த என்று ஆறு எழுத்துகள் இருக்கின்றன. சொல்லின் முதலிலோ இன்னொரு மெய்க்குப் பின்னாலோ வந்தால் அழுத்தம். உயிருக்குப் பின்னால் வந்தால் இளக்கம். 'எழுதினான்' என்பதற்கு க்-த்-ப் என்ற மூன்று மெய்தான் வேர். அதில் க் கடினம், த் இளக்கம், கடைசி ப் இளகி 'வ்' ஆகிவிடும். 'எழுதுவான்' என்று முன்னால் 'நெ' சேர்த்தால் தலைகீழ்: க் இளகித் தொண்டையில் உரசுகிறது, த் இறுகிக்கொள்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள் என்றார்.

எனக்கு ஒரு சிரமமும் இல்லை. 'கல்' என்றால் ஒரு க, 'பகல்' என்றால் வேறு க. 'தம்பி'யின் த வேறு, 'கதவு'வின் த வேறு. பிறந்ததிலிருந்து இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம். எழுத்தில் காட்டுவதில்லை, அவ்வளவுதான். நமக்கும் வல்லினம் ஆறுதான் அச்சோ என்றேன். அவர் மகிழ்ந்துபோய் உள்ளே பார்த்து இன்னொரு கட்டன் சாயா கொண்டுவரச் சொன்னார்.

அவர்கள் இதற்கும் புள்ளி வைக்கிறார்கள். மேலே வைத்தால் கூஷாயா, கடினம். கீழே வைத்தால் ருக்காகா, மென்மை. சில ஏடுகளில் இந்தப் புள்ளிகளை மட்டும் சிவப்பு மையில் போட்டிருப்பார்களாம். ஆக, எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒலிக்கு ஒரு புள்ளி. பன்மைக்குத் தனியாக இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். 'மல்கா' ராஜா, 'மல்கே' ராஜாக்கள். எழுதும்போது இரண்டுக்கும் அதே நாலு எழுத்து. தலைக்கு மேல் இரட்டைப் புள்ளி உட்கார்ந்தால் கூட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் 21

மானம் போன நாள்.

ஒரு ஏட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸைக் கொடுத்து வீட்டில் படித்து வரச் சொல்லியிருந்தார். 'க்தாவா' என்றால் புத்தகம். 'அவன் புத்தகம்', 'அவள் புத்தகம்' இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். கடைசி 'ஹே' எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் அவள். பக்கத்தில் புள்ளி தெளிவாக இருந்தது. 'அவள் புத்தகம்' என்று படித்தேன். அச்சன் 'அவன்' என்றார். நான் விடவில்லை. பத்து நிமிஷம் வாதாடினேன். முந்தின வரியில் பேசப்படுவது ஆசிரியை ஒருத்தியாக இருக்கக்கூடாதா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே இடத்தில், ஓரத்து வெள்ளையில், அதே புள்ளி. அதற்கடுத்த பக்கத்திலும். ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் தூசி.

திரும்பி வரும் வழியெல்லாம் தொல்காப்பியம்தான் ஞாபகம். 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்று விதி இருக்கிறது. ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று எழுதினவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எ, ஒ குறில்களுக்கும் புள்ளிதான் அடையாளம், அதுவும் போச்சு. ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் பாவம், 'எரி'யா 'ஏரி'யா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும். நமக்குப் புள்ளி இல்லாத கஷ்டம். எனக்கு இன்று இல்லாத புள்ளி இருந்த கஷ்டம்.

தேதி போட்ட சுரியானி ஏடுகளில் மிகப் பழையது 411-ஆம் ஆண்டு நவம்பரில் எதெஸ்ஸாவில் எழுதி முடித்தது. யாக்கோபு என்பவர் கை. அவர்கள் கணக்குப்படி கிரேக்கர் ஆண்டு 723 என்று போட்டிருக்கிறார். அதிலேயே இந்தப் புள்ளி வழக்கம் இருக்கிறது. அந்த ஏடு பிழைத்ததே ஒரு வரி விவகாரத்தால்தான். எகிப்துப் பாலைவனத்தில் சுரியானியர் மடம் ஒன்று. அதன் தலைவர் நிசிபிஸ் மோசே, மடத்துக்கு வரிவிலக்கு கேட்டு 927-இல் பாக்தாதுக்குப் போனார். காரியம் முடிந்து 932-இல் திரும்பும்போது கூடவே 250 ஏடுகளைக் கொண்டுவந்தார். மெசொபொத்தேமியாவின் ஈரத்துக்கும் சண்டைக்கும் தப்பி, அந்தப் பாலைவனத்துக் காய்ந்த காற்றில் ஏடுகள் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி லண்டனுக்குப் போய்விட்டது. யாக்கோபின் ஏடும் இப்போது அங்கேதான்.

ஜூன் 26

ஆபீஸில் பக்கத்து மேஜைச் சேச்சியிடம் ஒரு விளையாட்டு. உங்களுக்கே தெரியாமல் உங்களுக்கு எத்தனை சுரியானி வார்த்தை தெரியும் சொல்லுங்கள் என்றேன். ஒன்றும் தெரியாது என்றார். பிள்ளைக்கு ஞானஸ்நானம்? 'மாமோதீசா'. தேவதூதன்? 'மாலாக'. பூசை? 'குர்பானா'. சிலுவை? 'ஸ்லீவா'. அப்புறம் அவரே வர்கீஸ், சாக்கோ என்று உறவுக்காரர் பெயர்களை எடுத்துவிட ஆரம்பித்தார். கிவர்கீஸ் வர்கீஸ் ஆனது, யாக்கோப் சாக்கோ ஆனது. சாப்பாட்டு நேரம் போதவில்லை.

மாலையில் அச்சன் அதைவிடப் பெரிய அதிசயத்தைக் காட்டினார். மலையாளத்தையே சுரியானி எழுத்தில் எழுதும் வழக்கம் இங்கே இருந்தது. கர்ஷோன் என்பார்கள். 22 எழுத்தில் மலையாளம் எப்படி அடங்கும்? ங, ஞ, ட, ண, ள, ற, ழ மாதிரி ஒலிகளுக்குச் சுரியானியில் இடமே கிடையாது. அதற்காக மலையாள எழுத்துகளையே வளைத்து, வலமிருந்து இடமாக ஓடும் வரிக்குள் செருகியிருக்கிறார்கள். இப்போது யூனிகோடில் இப்படி 11 எழுத்துகளுக்குத் தனி இடம் உண்டு, 2017-இல் சேர்த்தது. உர்ஹாயில் பிறந்த எழுத்து வரிசையின் கடைசித் திண்ணையில் நம் ழகரம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. நான் 'மழை' என்று எழுதிப் பார்த்தேன். வெளியே அதுதான் பெய்துகொண்டிருந்தது.

இப்படி எழுதியதெல்லாம் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டேன். 1599-இல் உதயம்பேரூர் சூனகதோசில், அதாவது திருச்சபைக் கூட்டத்தில், போர்த்துக்கீசியர்கள் சுரியானிப் புத்தகங்களைத் திருத்தவும் எரிக்கவும் உத்தரவு போட்டதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் சாயா ஆறிப்போகும்வரை தொடவில்லை.

ஜூலை 3

துக்ரானா. தோமா நாள். 'துக்ரானா' என்றால் நினைவு, இதுவும் சுரியானிதான். காலையில் கோயிலில் கூட்டம். அச்சன் வீட்டில் அப்பமும் ஸ்டூவும் கொடுத்தார்கள்.

இந்த ஜூலை 3 தோமா இறந்த நாள் என்று நினைத்திருந்தேன். அவர் எலும்புகள் எதெஸ்ஸா போய்ச் சேர்ந்ததன் நினைவு நாளாம். இதைப் பற்றி எப்ரேமின் நிசிபிஸ் பாட்டு ஒன்று இருக்கிறது, 42-ஆவது. அதில் சாத்தான் புலம்புகிறான்: இந்தியாவில் நான் கொன்ற அப்போஸ்தலன் எனக்கு முன்னாலேயே எதெஸ்ஸாவுக்கு வந்து நிற்கிறானே, இனி எங்கே ஓடுவேன் என்று. எலும்பைக் கொண்டுபோனவன் ஒரு வியாபாரி. புனிதப் பொருளைப் பற்றிய பாட்டைப் பிசாசின் வாயால் பாடவைக்கிற துணிச்சல் பிடித்தது. நம் தூதும் பள்ளும் எழுதினவர்கள் கேட்டால் தோளில் தட்டியிருப்பார்கள்.

சின்ன வயதில் சாந்தோம் கோயிலுக்குச் சித்தி கூட்டிப் போயிருக்கிறாள். தோமாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்தோம். அந்த மயிலாப்பூர்க் கடற்கரைக்கு எதெஸ்ஸாவில் 4-ஆம் நூற்றாண்டிலேயே பாட்டில் ஒரு மூலை இருந்தது என்பது அன்றைக்குச் சித்திக்கும் தெரியாது. எப்ரேம் ஊர்ப் பெயர் சொல்லவில்லை, இந்தியா என்று மட்டும்தான் சொல்கிறார். மயிலாப்பூர் என்பது நான் சேர்த்துக்கொள்வது.

ஜூலை 5

கரண்ட் இல்லை. சுருக்கமாக. செவேருஸ் செபோக்த் என்று ஒரு சுரியானி பிஷப், யூப்ரட்டீஸ் கரையில் கென்னெஷ்ரே மடத்துக்காரர். 662-இல் எழுதுகிறார்: கிரேக்கம் பேசுவதாலேயே எல்லா அறிவும் தங்களுக்குத்தான் என்று நினைப்பவர்கள் இந்தியர்களின் கணக்கைப் பார்க்கட்டும், ஒன்பதே குறிகளால் போடுகிறார்கள் என்று. மேற்கே நம் எண்களைப் பற்றிய முதல் பேச்சு இதுதானாம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்து நானே சிரித்துக்கொண்டேன். பேட்டரி 9 சதவீதம்.

ஜூலை 12

எப்ரேமை முதல் தடவையாக நேராகப் படித்தேன். விசுவாசப் பாட்டுகளில் பத்தாவது. 'ப்லஹ்மாக் கஸ்யா ரூஹா.' உன் அப்பத்தில் மறைந்திருக்கிறது, உண்ண முடியாத ஆவி. உன் திராட்சை ரசத்தில் தங்கியிருக்கிறது, குடிக்க முடியாத நெருப்பு. 'ரூஹா' காற்றும்தான், ஆவியும்தான். பழைய சுரியானியில் பெண்பால். மறைந்திருப்பவள் என்றுதான் வினையும் வருகிறது. தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆவி என்றால் அஃறிணை, ஆவியார் என்றால் மரியாதை வருகிறது, ஆனால் பெண் காணாமல் போகிறாள். விட்டுவிட்டேன்.

அச்சன் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தார். 1962-இல் பூசை மலையாளத்துக்கு மாறுவதற்கு முன்னால், பீடத்தில் உதவும் பையனாக இருந்தபோது அவர் எழுதிவைத்தது. காகிதம் டீத்தூள் நிறம். ஒரு புள்ளிகூட இல்லை. தாலத், ரேஷ் எழுத்துகளுக்கே இல்லை.

"எப்படி அச்சோ படித்தீர்கள்?"

"வாயிச்சில்லல்லோ. பாடி."

பாடியும் காட்டினார். 'கந்தீசா ஆலாஹா' என்று தொடங்கி, இடையில் மூச்சு வாங்கி, ஒரு வரியை மறந்து, விரலை நோட்டில் வைக்காமலே அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

வீட்டுப் பாடம்: ஒரு பக்கத்துக்கு நான் புள்ளி வைக்க வேண்டும். பேனா கூடாது. "பென்சில் மதி."

மணி பதினொன்று. இதுவரை 31 புள்ளி வைத்தாயிற்று. கடைசிக்கு முந்தின வரியில் ஒரு சொல்லில் நிற்கிறேன். மேலே வைத்தால் 'மல்காக்', உன் ராஜா. கீழே வைத்தால் 'மெல்காக்', உன் ஆலோசனை. வரியை இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.